மாத்தளைக் குளங்களும் நீராடும் பருவமும்

ஐரோப்பாவின் வடபாகத்திலும் கனடாவிலும் ஏரியின் பருவத்தை வெப்பமானி சொல்லிவிடுகிறது. மாரிகாலம் முழுவதும் பனிக்கட்டி மூடிக் கிடந்த ஜலம் வசந்தத்தில் உருகி, நடுக்கோடையில் 20 பாகையை எட்டும்போது ஜனங்கள் நீந்தப் புறப்படுகிறார்கள். அது மறுபடியும் 15 பாகைக்குக் கீழே இறங்கும்போது, சட்டென்று குதித்தவனுக்கு மூச்சுத் திணறி இருதயம் தடுமாறும் அபாயம் உண்டென்பதை அறிந்து கரையிலேயே நின்றுவிடுகிறார்கள். மலைநாடும் வறண்ட சமவெளியும் ஒன்றையொன்று தழுவி நிற்கும் மாத்தளை மாவட்டத்திலோ, தாழ்நிலக் குளங்களின் மேற்பரப்பு நீர் வருஷம் முழுவதும் பெரும்பாலும் 25 பாகைக்கும் 32 பாகைக்கும் இடையிலேயே நிற்கிறது. நீராட ஆகாத குளிர் என்று சொல்லத்தக்க மாதம் அங்கே ஒன்றுகூட இல்லை. ஆயினும் அந்தக் குளங்களுக்கும் பருவம் உண்டு. நீராடத் தகுந்த காலமும், கரையோடு நின்றுகொள்ள வேண்டிய காலமும் உண்டு. அவற்றைப் பழைய கிராமவாசிகள் நீர் நிற்கும் உயரத்தைக் கொண்டே அறிந்தார்கள். அந்த அறிவு எவ்வாறு உண்டாயிற்று, யாரால் காக்கப்பட்டது, எக்காலத்தில் கைநழுவத் தொடங்கிற்று என்பது, அரசர்களின் போர்களையும் திருப்பணிகளையும் விரித்துரைக்கும் நூல்களில் அதிகம் இடம்பெறாத ஒரு சரித்திரம்.

மாத்தளை நகரம் கடல்மட்டத்திலிருந்து 364 மீற்றர் உயரத்தில் அமைந்தது. அதன் கிழக்கே, 1,906 மீற்றர் உயர்ந்த கொம்பனியா சிகரத்தை உள்ளடக்கிய நக்கிள்ஸ் மலைத்தொடர் எழுந்து நிற்க, வடக்கே செல்லும் வீதி நாலந்தாவைத் தாண்டித் தம்புள்ளைச் சமவெளிக்கு இறங்கிவிடுகிறது. ஆயிரம் மீற்றர் ஏறினால் காற்றின் உஷ்ணம் ஏறக்குறைய ஆறரைப் பாகை குறையும் என்பது பொது விதியாதலால், இம்மாவட்டத்தில் ஒரே நாளில் இருவகை ஜலத்தைக் காணலாம்: மலைமேலுள்ள ரிவர்ஸ்டன் பக்கத்து ஓடையில் தை மாதத்து விடியலில் காலை வைத்தவனுக்கு உடல் சிலிர்க்கும், அன்று பிற்பகலே சமவெளியிலுள்ள கண்டலமைக் குளத்தில் இறங்கினால் முழங்கால் வரையில் வெதுவெதுப்பும், பாதத்தில் மட்டும் ஒரு தண்மையும் தெரியும். சுது கங்கையாகத் தொடங்கி, அம்பன் கங்கையாகப் பெருகி, மகாவலியில் கலக்கும் நதி இந்த இருவகை நீரையும் ஒன்றாக்கிக் கொண்டு போகிறது. கி.பி. முதலாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசுகட்டில் ஏறிய வசபன் இந்நதியிலிருந்து எலஹெரக் கால்வாயை வெட்டுவித்தான் என்று மகாவம்சம் கூறும். பின்னர் மகாசேனன் கட்டிய மின்னேரிக் குளம் நிறைந்ததும் அந்தக் கால்வாயினால்தான்.

ஜலத்தின் தண்மையை விரும்பி, அதற்காகவே கல்லும் சுதையும் கொண்டு வேலை செய்தவர்களைக் காண வேண்டுமானால் சீகிரியாவுக்குத்தான் போக வேண்டும். 477 முதல் 495 வரையில் ஆண்ட காசியப்பன் அமைத்த அந்நகரத்தின் மேற்கு வாசலுக்குள் நுழைந்ததும் விரியும் நீர்ப் பூங்காக்களில், அகழி சூழ்ந்த சிறு தீவுகளின்மேல் கோடைமாளிகைகள் நின்றன. 1980களில் சேனக பண்டாரநாயக்கவின் தலைமையில் நடந்த அகழ்வாராய்ச்சி வெளிப்படுத்திய சிறு நீர்ப்பூங்காவோ இன்னும் நுட்பமானது. கூழாங்கல்லும் பளிங்கும் பாவிய தளத்தின்மேல், விரற்கணக்கான ஆழமுள்ள நீர் மிக மெதுவாக ஊர்ந்து செல்லுமாறு அதனை அமைத்திருக்கிறார்கள். ஆழமின்றிப் பரந்து நகரும் ஜலம் ஆவியாகும்போது தன் உஷ்ணத்தையும் சுற்றியுள்ள காற்றின் உஷ்ணத்தையும் ஒருங்கே இழக்கிறது என்பதை அந்தச் சிற்பிகள் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. குன்றின் உச்சியில் 27 மீற்றர் நீளமும் 21 மீற்றர் அகலமுமாகப் பாறையிலேயே குடைந்த தடாகம் இருக்கிறது. கீழேயுள்ள தடாகங்களுக்குப் படிகள் உண்டு. இறங்குபவன் தன் ஆழத்தைத் தானே படிப்படியாக அளந்துகொண்டு இறங்கும்படியான படிகள். அந்தப் படியை நான் வெறும் அலங்காரமாகக் கருதவில்லை. இந்நாட்டில் பாதுகாப்பாக நீராடும் முறையின் முதற்கருவி அதுவே என்பது என் துணிபு.

அரசனுக்கு வெட்டுக்கல் படி. கிராமத்தாருக்குக் குளத்துத் துறை. வறண்ட வலயத்துச் சிங்களக் கிராமங்களில் "தியமங்கட" என்று வழங்கும் அந்தத் துறை, குளக்கரையில் கண்ட இடத்தில் அமைந்துவிடுவதன்று. அடிமண் இறுகிச் சரிவு மெல்லியதாக இருக்கும் இடம் பார்த்து, நீரை வெளிவிடும் துருசுக்குத் தூரமாக, தாமரைக்கொடி படராத நீரில், தலைமுறை தலைமுறையாக அதே இடத்தில் இறங்கி வந்தார்கள். துணி தோய்க்கும் கல்லும் அங்கேதான் கிடக்கும், கோடையில் நீர் பின்வாங்கும்போது அந்தக் கல்லையும் உருட்டிக்கொண்டு பின்தொடர்வார்கள். குளத்தின் மேற்புறத்துக் கரையை ஒட்டி "கஸ்கொம்மன" எனப்படும் மரச்சோலை ஒன்றை வெட்டாமல் விட்டுவைப்பது வழக்கம். அதில் மருதமரங்கள் வேரோடு வேர் பின்னி நின்று காற்றின் வேகத்தைத் தடுத்தும் நிழல் பரப்பியும் நீர் ஆவியாவதைக் குறைத்து, கரையோர ஜலத்தைத் தண்மையாக வைத்தன. அதற்கும் மேலே, வண்டலைத் தேக்கிக்கொள்ளும் சிறு பள்ளம் ஒன்று இருக்கும். காட்டு மிருகங்கள் அங்கேயே நீர் குடித்துவிட்டுத் திரும்பிவிடும். மனிதன் இறங்கும் நீரையும் மிருகம் இறங்கும் நீரையும் வேறுபடுத்தி வைத்த இந்த ஏற்பாட்டில் எவ்வளவு சுகாதார ஞானம் அடங்கியிருக்கிறது! கட்டைக் காப்பதும், நீரைத் திறந்துவிடுவதும், முறைப்படி பங்கிடுவதும் வெல்விதானை என்ற உத்தியோகத்தனின் கடமை. துருசு எந்நாளில் திறக்கும், எந்நாளில் மூடும் என்பது அவன் வாயிலாக ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தபடியால், திறந்த துருசின் முன்னால் யாரும் நீந்தப் போவதில்லை.

துருசைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய பெருங்குளங்களின் கட்டுக்குள்ளே, நீர் பாயும் சுருங்கையின் நடுவில், சதுரமாகக் கல் பாவிய நிலைக்கிணறு ஒன்று இருக்கும். அதற்கு "பிசோகொட்டுவ" என்று பெயர். நீர்ப்பாசனப் பொறியியலாளரான ஹென்றி பார்க்கர், 1909இல் வெளியான தம் நூலில், ஐரோப்பியப் பொறியியலாளர் பிற்காலத்தில் அமைத்த அடைப்புக் கோபுரங்களின் வேலையை இக்கிணறுகள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே செய்தன என்று வியந்து எடுத்துக்காட்டினார். பத்து மீற்றர் நின்ற ஜலத்தின் அமுக்கம் முழுவதும் அடியிலுள்ள அந்தச் சிறு வாயிலில் வந்து குவிகிறது. மேலே நீர் அசையாமல் கண்ணாடி போலத் தோன்றினாலும், ஆழத்தில் சுழித்து இழுக்கும் வேகத்துக்குத் தேர்ந்த நீச்சற்காரனும் ஈடுகொடுக்க முடியாது. ஆழமறியாமல் காலை விடாதே என்று நம்மவர் சொல்வது மற்ற எங்கேயும்விட இங்கே பொருந்தும்.

முதலையையும் விட்டுவிடலாகாது. 1660இல் சிறைப்பட்டுக் கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது வருஷங்களைக் கழித்த ஆங்கில மாலுமி ரொபர்ட் நொக்ஸ், குளங்களில் முதலைகள் உண்டென்றும், நீர் வற்றினால் அவை காட்டுக்கும் ஆற்றுக்கும் போய், மழை பெய்ததும் திரும்பிவிடுகின்றன என்றும், சிறியவையாதலால் மனிதரைப் பிடிப்பதில்லையாயினும் ஜனங்கள் சற்று அஞ்சியே இருந்தார்கள் என்றும் எழுதிவைத்தான். அந்த அச்சம் வீணன்று. நீர் சுருங்கும் காலத்தில் எஞ்சிய மடுவில் எல்லா உயிரும் நெருங்குகின்றன என்ற உண்மையையே அவன் வேறுவிதமாகச் சொல்லியிருக்கிறான்.

இனி உஷ்ணத்தின் கதைக்கு வருவோம். வெப்பநாட்டு ஏரிகளில் மேல்நீருக்கும் அடிநீருக்கும் இரண்டு மூன்று பாகையே வித்தியாசம் இருப்பதால், அவை எளிதில் கலந்துவிடும் என்று ஒருவர் எண்ணக்கூடும். 1928, 1929ஆம் ஆண்டுகளில் சுந்தா தீவுகளின் ஏரிகளை ஆராயச் சென்ற ஜெர்மானியக் குழுவில் இடம்பெற்ற ரூட்னர், அந்தச் சொற்ப வித்தியாசமே அடுக்குகளை உறுதியாகப் பிரித்துவைக்கப் போதும் என்று காட்டினார். நான்கு பாகையில் இருக்கும் ஜலம் ஐந்து பாகைக்கு ஏறும்போது குறையும் அடர்த்தியைவிட, 29 பாகை ஜலம் 30 பாகைக்கு ஏறும்போது குறையும் அடர்த்தி 30 மடங்குக்கும் அதிகம் என்பதே காரணம். மாத்தளைக்கு அண்டையிலுள்ள பொலனறுவையில், பராக்கிரம சமுத்திரத்தை ஒஸ்திரிய விஞ்ஞானி ஃப்ரிட்ஸ் ஷீமரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 1983இல் நூலாக வெளியிட்டார்கள். ஆயினும் ஆழமில்லாத இத்தகைய குளங்களில் காலையில் உண்டாகும் அடுக்கு பிற்பகற் காற்றிலும் இரவுக் குளிர்ச்சியிலும் குலைந்துபோய், மறுநாள் மீண்டும் உண்டாகிறது. குளிர்நாட்டு ஏரி வருஷத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ புரளுவதை நமது குளம் ஏறக்குறைய நாள்தோறும் செய்கிறது. அதனுடைய ருதுக்கள் ஒரு பகலுக்குள் அடங்கிவிடுகின்றன. விடியலிலே குளிக்கப் போகும் நம் பழக்கம் அனுஷ்டானத்துக்காக மட்டும் ஏற்பட்டதன்று. காற்று எழாத, அலையில்லாத, அடி கலங்காத நேரம் அதுதான்.

அப்படியானால் மாதங்களுக்கு என்ன வேலை? ஐப்பசியில் பிற்பகல் இடிமழையோடு தொடங்கி, கார்த்திகை மார்கழியில் வடகீழ்ப் பருவக்காற்று கொண்டுவரும் மழையால் குளம் நிறைகிறது. அப்போது ஜலம் செந்நிறமாய்க் கலங்கி, மரக்கிளையும் சருகும் மிதந்து வர, குளம் வான் பாயும் நாட்களில், மிகைநீர் வழியும் அந்த வானின் பக்கம் அணுகுவதே அபாயம். வயலிலும் மேய்ச்சல் நிலத்திலும் புரண்டு வந்த முதல் வெள்ளம் எலிக்காய்ச்சலையும் கொண்டுவரும். 2008இல் இலங்கை முழுவதையும் பீடித்த அந்நோய் மாத்தளையையும் விட்டுவைக்கவில்லை. காலில் கீறலோடு கலங்கல் நீரில் இறங்குபவனுக்கு இது தெரிந்திருப்பது அவசியம். தை பிறந்து மழை ஓய்ந்ததும் வண்டல் அடியில் தங்கி நீர் தெளிகிறது. மாசியும் பங்குனியும், பெரும்போக அறுவடை நடக்கும் அந்த மாதங்கள், குளம் நிறைந்தும் அமைதியாயும் தெளிந்தும் இருக்கும் காலமாதலால், நீராடுவதற்கு அவற்றைவிட நல்ல பருவம் இல்லை. சித்திரையில் சூரியன் உச்சிக்கு நேரே நிற்பதால் மேல்நீர் மிகச் சூடேறும். மாலையில் கறுத்துவரும் மேகத்தைக் கண்டதும் கரையேறாதவன் மின்னலுக்குத் தன்னை ஒப்புக்கொடுக்கிறான். வைகாசி முதல், மலையைத் தாண்டும்போதே ஈரத்தை இழந்துவிட்ட கச்சான் காற்று சமவெளியில் வீசி அலை எழுப்புகிறது. அதே காலத்தில் சிறுபோகத்துக்காக நீர் திறந்துவிடப்படுவதால் மட்டம் வாரந்தோறும் இறங்குகிறது. ஆடியும் ஆவணியும் கொடியவை. துறையின் படிகள் காய்ந்து கிடக்க, குளிக்கப் போகிறவன் சேற்றைக் கடந்து நடுக்குளத்தை நோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது. எஞ்சிய ஆழங்குறைந்த நீர் பகலில் சூடேறிப் பச்சைப் பாசி பூத்து நாற்றமெடுக்கிறது. யானைகள் அந்த நீரைத் தேடி வருகின்றன, முதலைகளும் அங்கேதான் இருக்கின்றன. சென்ற மாசியில் இடுப்பளவு நின்ற இடம் இப்போது தரையாகிவிட, தலை மூழ்கும் என்று ஒதுங்கிய இடம் இடுப்பளவாகத் தோன்றி, அதற்கு அப்பால் பழைய ஆற்றுப்பள்ளம் திடீரென்று விழுகிறது. பழகாத இளைஞர்கள் நிலைதவறுவது பெரும்பாலும் இந்த விளிம்பில்தான்.

இந்த ஆடி ஆவணியின் கொடுமையைத் தமிழ் மக்கள் வேறெவரையும்விட அதிகமாக அனுபவித்தார்கள் என்பதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியபோது, திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம் முதலிய ஜில்லாக்களிலிருந்து புறப்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டின் ஊடே வடக்குப் பாதை வழியாகத் தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். நொக்ஸ் 1679இல் தப்பியோடி, அநுராதபுரத்தைக் கடந்து மல்வத்து ஓயாவைப் பின்பற்றிப் போய்ச் சேர்ந்த அரிப்புக்கு அருகில்தான் இவர்களிற் பலர் கால்வைத்தார்கள். அவன் விடுதலையை நோக்கிப் போன திசைக்கு எதிர்த்திசையில் இவர்கள் உழைப்பை நோக்கி வந்தார்கள். காப்பிப் பழம் பறிக்கும் காலத்துக்கு முன்னே வந்து சேர வேண்டியிருந்ததால், குளங்கள் வற்றிக் கிடக்கும் மாதங்களிலேயே அந்த யாத்திரை பெரும்பாலும் நடந்தது. முன்னே போன கூட்டம் குளித்த மடுவிலேயே பின்னே வந்த கூட்டம் குடித்தது. வாந்திபேதி நீரினால் பரவுகிறது என்று ஜோன் ஸ்னோ 1854இல் இலண்டனில் நிரூபித்துக் காட்டிய பின்னும், இந்தப் பாதையின் குளங்களுக்குக் காவலோ, குடிநீர்க் கிணறுகளோ வேண்டிய அளவு அமையவில்லை. வழியில் விழுந்தவர்களை வழியிலேயே புதைத்துவிட்டு நடந்தார்கள். உள்ளூர்க் கிராமத்தானுக்கு எந்தக் குளத்தில் எந்தத் துறை நல்லது என்று தெரியும். வழிப்போக்கனுக்கு அது தெரியாது, சொல்லுவாரும் இல்லை. தப்பி வந்தவர்கள் மாத்தளையில் மாரியம்மனை வைத்து வணங்கினார்கள். மழைக்கும் வெப்பு நோய்க்கும் ஒருத்தியே அதிபதி என்று கொண்ட அவர்களுடைய நம்பிக்கையின் சாட்சியாக முத்துமாரியம்மன் கோயிலில் இன்றும் ஐந்து தேர்கள் ஓடுகின்றன. அவர்கள் நடந்தே வந்த அந்த மாத்தளைக்கு 1880இல்தான் ரயில் வந்தது.

தேங்கிய வெப்பநீர் இன்னொருமுறையும் பழிவாங்கிற்று. 1934இல் மழை பொய்த்து ஆறுகள் ஓட்டமற்று மடுமடுவாகத் தேங்கியபோது, அந்த வெயில்பட்ட மடுக்களில் பெருகிய நுளம்புகள் பரப்பிய மலேரியாவினால் 1935ஆம் ஆண்டின் முற்பகுதிக்குள் இலங்கையில் சுமார் 80,000 பேர் மாண்டார்கள். அத்தீவு மலேரியா அற்றதென்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2016இல்.

வெல்விதானையின் உத்தியோகம் 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டத்தோடு முடிந்தது. அந்தப் பதவியில் அநியாயங்களும் இருந்தன. அதை நீக்கியதை நான் குறைகூறவில்லை. ஆனால் நீரின் நாட்களை ஊருக்கு அறிவிக்கும் குரல் ஒன்றும் அதனோடு மௌனமாயிற்று. பதினெட்டு வருஷங்கள் கழிந்து, 1976இல், மாவட்டத்தின் நீரியல்பே மாறிவிட்டது. கண்டிக்கு அண்மையில் பொல்கொல்லையில் மகாவலியைத் தடுத்து, சுமார் எட்டுக் கிலோமீற்றர் மலைக்குடைவின் வழியாக உக்குவளை மின்நிலையத்துக்குக் கொண்டுவந்து, சுது கங்கையில் விட்டார்கள். மழையைப் பார்த்தே ஏறி இறங்கிய நதி, மின்சாரத்தின் தேவையைப் பார்த்தும் ஏறி இறங்கத் தொடங்கிற்று. வானம் வெளுத்திருக்கும் நாளிலும், யந்திரம் சுழலத் தொடங்கினால், பாறையில் உட்கார்ந்து துவைத்துக்கொண்டிருப்பவளின் கணுக்காலில் இருந்த நீர் சிறிது நேரத்தில் மேலே வந்துவிடக்கூடும். பாறையின் ஈரக்கோடு உலர்ந்த கோட்டைத் தாண்டி ஏறுவதையே எச்சரிக்கையாகக் கொண்டு எழுந்துவிட வேண்டும். இந்த நீரையும் அம்பன் கங்கையையும் தேக்கியது போவதென்ன நீர்த்தேக்கம். அதில் மூழ்கவிருந்த நாலந்தா கெடிகே என்ற கற்றளியை, பல்லவர் பாணி என்று நாம் உடனே அடையாளம் கண்டுகொள்ளும் அந்தச் சிறு ஆலயத்தை, கல் கல்லாகப் பிரித்து உயர்ந்த இடத்தில் 1980 அளவில் மீண்டும் அமைத்தார்கள். கற்களுக்குக் காட்டிய அந்தக் கவனம் போற்றத்தக்கது.

நீராடுவோர் பொருட்டும் அத்தகைய கவனம் காட்டிய இடங்கள் உண்டு. கண்டலமைக் கரையில் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த விடுதி எழவிருந்தபோது, குளத்து நீர் கெடும் என்று கிராமத்தாரும் பிக்குகளும் எதிர்த்தார்கள். 1994இல் அது திறக்கப்பட்டது. அங்கே தங்குபவர்கள் பாறை விளிம்பிலுள்ள தடாகத்தில், அளந்த ஆழத்தில் நீந்துகிறார்கள். எல்கடுவைக்கு மேலே தேயிலைக்கு நடுவிலுள்ள செம்புவத்தை ஏரியிலும் நீந்துவதற்கென்று ஊற்றுநீர்த் தடாகம் ஒன்றைத் தனியே அமைத்திருக்கிறார்கள். குளிர்ந்ததும் ஆழமானதுமான ஏரியைப் பார்வைக்கும், சிறு தடாகத்தை நீராடவும் என்று பிரித்தது சரியான காரியம்.

ஆனால் இம்மாவட்டத்தின் மிகப் பெரிய ஜலப்பரப்பில் அத்தகைய ஏற்பாடு இன்னும் தேவைப்படுகிறது. 2017 ஜனவரியில் நிரம்பத் தொடங்கிய மொறகஹகந்த நீர்த்தேக்கம் ஏறக்குறைய 52 கோடி கன மீற்றர் கொள்ளும். களு கங்கை நீர்த்தேக்கத்தோடு சேர்ந்த அத்திட்டத்தில் பழைய லக்கலைப் பட்டினம் மூழ்க, 2018இல் மக்கள் புதிய நகரத்துக்குப் பெயர்ந்தார்கள். பழைய குளத்தின் அடி தலைமுறைகளாக மிதிபட்டு அறிந்த மண். புதிய நீர்த்தேக்கத்தின் அடியிலோ வெட்டிய மரங்களின் குற்றிகளும், சுவர்களும், வரம்புகளும், மலைச்சரிவின் படுபள்ளங்களும் கிடக்கின்றன. மட்டம் ஒரு மீற்றர் மாறினால் மேலே நிற்பவன் காலுக்குக் கீழே வேறு நிலம் வந்துவிடுகிறது. நீர்மட்டத்தை உத்தியோகத்தர்கள் அளந்து பதிகிறார்கள். அந்த எண்ணையும், துருசும் மின்நிலையமும் திறக்கும் வேளையையும் தமிழிலும் சிங்களத்திலும் கரையில் எழுதிவைப்பது பெருஞ்செலவான காரியமன்று. சரிவு மெல்லிய இடம் பார்த்துப் படிக்கட்டோடு துறைகளும் கட்ட வேண்டும். தங்கள் வீட்டு முற்றம் எவ்விடம், கிணறு எவ்விடம், வயலின் மேட்டு வரம்பு எவ்விடம் என்று நீருக்கு மேலிருந்தே விரல் நீட்டிக் காட்டக்கூடிய முதியோர் இன்றும் புதிய லக்கலையில் வாழ்கிறார்கள். துறைக்கு இடம் குறிக்கப்போகும் பொறியியலாளர், வரைபடத்தை விரிப்பதற்கு முன்னால் அவர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.